மடங்குகிற இடம்

ஸ்லைடு போன் பழுதுக்கு வந்தால் நான் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. ஆன் செய்து, திரையை மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். பாதி வழியில் படம் கோடு கோடாக உடையும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் வெள்ளையாகும். முழுக்கத் திறந்ததும் சில செட்களில் ஒன்றுமே நடக்காத மாதிரி படம் திரும்பி வந்துவிடும். அவ்வளவு தெரிந்தால் போதும். டிஸ்ப்ளே போகவில்லை, போர்டில் ஐசி போகவில்லை. மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவே ஓடுகிற ஸ்ட்ரிப்பில், மடங்குகிற இடத்தில், தாமிரக் கோடு ஒன்று அறுந்திருக்கிறது. போனை வடிவமைத்தவர் எந்த இடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருப்பாரோ, அந்த இடம்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும்.

ஸ்மார்ட்போன் பரவத் தொடங்கிய காலத்தில், 2008-லிருந்து ஒரு நான்கைந்து வருடம், திரைக்குப் பின்னால் முழு விசைப்பலகையை ஒளித்துவைத்த போன்கள் வந்தன. திரையைத் தள்ளினால் கீழே எழுத்துகள் தெரியும். அவற்றின் திரையைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உள்ளே இருந்த எஃகுத் தகடு, ஸ்பிரிங், ஸ்ட்ரிப் ஆகியவற்றைப் பற்றி, அவற்றைக் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

கடை சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கம். கூட்ஸ் வண்டி கடந்து முடியும்வரை கேட் திறக்காது. நிற்கிற பைக்காரர்களில் ஒருவராவது வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை நீட்டுவார். தொழில் கற்றது ரிச்சி தெருவில், ஒரு அண்ணனின் மேசைக்குப் பக்கத்தில் நின்று. உதிரிபாகத்துக்கு பர்மா பஜார். கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அடுத்தது பீச் ஸ்டேஷன். இறங்கி வெளியே வந்தால் ராஜாஜி சாலை ஓரம் முழுக்கக் கடைகள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1969-ல் தொடங்கிய சந்தை அது. இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வராத போன்கள்கூட, கப்பலில் வேலை செய்பவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கை வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன.

இந்தப் போன்களை யார் வாங்கினார்கள் என்று சொல்லியாக வேண்டும். பணக்காரர்கள் இல்லை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்த்த பையன்கள். கன்டெய்னர் நம்பர் என்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு எண்ணும் சேர்ந்தது. கடைசி எண், முன்னால் உள்ளவை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கான எண். ஒரு எழுத்து தவறினாலும் அந்தப் பெட்டி துறைமுகக் கேட்டில் நிற்கும், பின்னால் ட்ரெய்லர் வரிசை எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் நீளும். அந்த நம்பரை வெயிலில், பைக்கில் உட்கார்ந்தபடி, இரண்டு கட்டைவிரலால் அடித்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது விசை போனில் 'எஸ்' வருவதற்கு ஏழாம் எண்ணை நான்கு முறை அழுத்திய கைகள் அவை. தனித்தனி எழுத்துக்குத் தனித்தனிப் பட்டன் என்றதும் அவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தெரியவில்லை. வேலைக்கு வேண்டிய கருவியாகத் தெரிந்தது.

அதனால்தான் ஹெச்டிசி ட்ரீம் எனக்கு இன்றுவரை மரியாதைக்குரிய போன். 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் விற்பனைக்கு வந்த உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் அதுதான். அதில் விசைப்பலகை ஐந்து வரிசை. மேல் வரிசை முழுக்க எண்கள், வேறு எந்த விசையையும் சேர்த்து அழுத்தாமல் நேரடியாக. அடுத்த வருடம் வந்த நோக்கியா என்97-ல் மூன்றே வரிசை, எண் அடிக்க இன்னொரு விசையைத் துணைக்கு அழுத்த வேண்டும், ஸ்பேஸ் பார் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். மோட்டோரோலா மைல்ஸ்டோனில் நான்கு வரிசை. விசைகள் மேடு இல்லாமல் தட்டையாக இருக்கும். ஏன் என்று அப்போது பலருக்குப் புரியவில்லை. அந்தப் போன் 13.7 மில்லிமீட்டர் தடிமன்தான், விசைக்கு உயரம் கொடுத்தால் அந்தத் தடிமன் கிடைக்காது. ட்ரீம் 17.1 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் கனம் தெரியும், 158 கிராம். ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் வருகிற அந்த வித்தியாசத்தில்தான் விரல் நுனிக்குத் தெரிகிற விசை இருந்தது.

ட்ரீமுக்கு விசைப்பலகை அலங்காரமும் இல்லை, கூடுதல் வசதியும் இல்லை. அந்தப் போன் வெளிவந்தபோது ஆண்ட்ராய்டில் திரைமேல் தட்டுகிற விசைப்பலகையே கிடையாது. 2009 ஏப்ரலில் 1.5 பதிப்பு வந்த பிறகுதான் அது கிடைத்தது. ஆகவே அந்த ஆறு மாதம் ஸ்லைடு உடைந்தால் போனில் ஒரு எழுத்தும் அடிக்க முடியாது. ஆண்ட்ராய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின் அதற்கு முன் டேஞ்சர் என்ற நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். திரை சுழன்று எழும்பி, கீழே முழு விசைப்பலகை தெரிகிற சைட்கிக் போன் அவர்களுடையது. ட்ரீமின் திரையும் நேர்கோட்டில் போகாது, லேசாக வில் வளைவில் ஏறி உட்காரும். முதல்முறை அதைத் திறந்து மூடியபோதே இதைச் செய்தவர்கள் எழுத்து அடிப்பதை முக்கியமாக நினைத்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

இனி உள்ளே போவோம்.

பெரும்பாலான ஸ்லைடு போன்களில் கீழ் பாதியில்தான் கனமெல்லாம்: பேட்டரி, மெயின் போர்டு, சிம், ஆன்டெனா, விசைப்பலகை. மேல் பாதியில் டிஸ்ப்ளே, டச், காதில் வைக்கும் ஸ்பீக்கர். இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உரசாமல் நகர வேண்டும், ஆனால் மின்சாரத்தால் இடைவிடாமல் இணைந்திருக்க வேண்டும். இதைச் செய்வது நம் ஊரில் நாங்கள் ஸ்ட்ரிப் என்று சொல்கிற மெல்லிய பட்டை. பழுப்பும் மஞ்சளும் கலந்த பாலிஇமைடு படலம், அதற்குள் முடியைவிட மெல்லிய தாமிரக் கோடுகள். அது இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு 'ப' வடிவத்தில் மடிந்து கிடக்கும். திரையைத் தள்ளும்போது அந்த மடிப்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஸ்ட்ரிப்பின் மேலேயே உருண்டு போகும். அதனால் தேய்மானம் ஒரு புள்ளியில் குவியாமல் கொஞ்ச தூரத்துக்குப் பரவுகிறது.

எங்கள் நைனா துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். நான் ஒரு நாள் வீட்டில் இந்த மடிப்பை அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் திறந்து மூடிப் பார்த்தார். தண்டவாளத்தின் மேல் நகர்கிற கிரேனுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிள், கிரேன் தள்ளிப்போனால் அவிழும், திரும்பி வந்தால் ட்ரம்மில் சுற்றிக்கொள்ளும். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்தக் கேபிளைத்தான். "இதும் அதே கதைதான்டா. கேபிளு இழுத்தா அறுவாது, நசுக்குனா அறுவாது. சின்ன ட்ரம்முல சுத்துனா அறுவும். மடங்குற எடத்துல வளைவு எவ்ளோ பெருசா கெடைக்குதோ அவ்ளோ நாளு வரும்" என்றார். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் வளைவு ஆரம் என்று சொல்வதை அவர் ட்ரம் என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் ஸ்லைடு போனைத் திறக்கும்போதெல்லாம் முதலில் பார்த்தது இரண்டு தகடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான்.

அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மடிப்பின் உயரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் வளைவின் ஆரம் அரை மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன வளைவில் ஒரு உலோகத்தை ஆயிரக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்தினால் அது உடையத்தான் செய்யும். உடையாமல் இருக்க வடிவமைப்பாளர்கள் செய்த வேலைகள் அறுந்த ஸ்ட்ரிப்பைப் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றாக எனக்குத் தெரிய வந்தன.

முதலாவது, தாமிரம் படலத்தின் நடு மட்டத்தில் இருக்கும். ஒரு பட்டையை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் இரண்டும் இல்லை. தாமிரத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே தடிமனில் படலம் வைத்தால் அது அந்த நடுவில் உட்கார்ந்துவிடும். 18 மைக்ரான் தாமிரத்தை 12 மைக்ரானாக்கினால் ஆயுள் இன்னும் கூடும், மெலிந்த உலோகத்தின் இரு முகங்களுக்கும் இழுவை குறைவு. அடுத்து, உருட்டித் தகடாக்கி, சூடாக்கி மென்மையாக்கிய தாமிரம். மின்முலாம் பூசுவது மாதிரி வளர்த்தெடுத்த தாமிரத்தைவிட இது வளைவதை அதிகம் தாங்கும். ஒரே அடுக்கில் கோடுகள் போதவில்லை என்றால் இரண்டு அடுக்கு வைப்பார்கள். ஆனால் மடங்குகிற பகுதியில் மட்டும் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் விட்டுவிடுவார்கள். ஒட்டினால் தடிமன் இரட்டிப்பாகும், வெளி அடுக்கு இழுபட்டுக் கிழியும். ஒட்டாமல் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைக் கண்டுகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் எங்கோ தைவானிலோ பின்லாந்திலோ உட்கார்ந்து, பசை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவினால் ராயபுரத்தில் ஒரு பையனின் போன் ஒரு வருடம் கூடுதலாக உழைத்தது.

டூப்ளிகேட் ஸ்ட்ரிப்பில் இது எதுவும் இருக்காது. பார்வைக்கு ஒரே நிறம், ஒரே கனெக்டர், விலை நான்கில் ஒரு பங்கு. ஒரிஜினலை விரலில் மடக்கி விட்டால் சோம்பலாகத் திரும்பும். டூப்ளிகேட் விறைத்துக்கொண்டு சட்டென்று நிமிரும். கடைக்காரரிடம் காசு கொடுப்பதற்கு முன் இப்படி மடக்கிப் பார்ப்பது என் வழக்கமானது. சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். பழைய செட்டிலிருந்து கழற்றிய ஒரிஜினல் கிடைத்தால் புது டூப்ளிகேட்டைவிட அதையே வாங்குவேன். இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன்.

கோடுகள் எத்தனை என்பது பெரிய விஷயம். பழைய முறையில் டிஸ்ப்ளேவுக்கு 16 அல்லது 18 தரவுக் கோடுகள், அதோடு கட்டுப்பாட்டுக் கோடுகள், விளக்குக்கு, டச்சுக்கு, ஸ்பீக்கருக்கு என்று தனித்தனி. அத்தனையும் மடிப்பைக் கடந்தாக வேண்டும். கோடு ஒவ்வொன்றும் அறுவதற்கு ஒரு வாய்ப்பு. ட்ரீமில் இருந்த குவால்காம் சிப்பில் எம்டிடிஐ என்ற முறை இருந்தது. பல கம்பிகளில் இணையாக அனுப்புகிற தரவை மிகச் சில ஜோடிக் கம்பிகளில் வரிசையாக, வேகமாக அனுப்பும். மடிக்கிற, நகர்த்துகிற போன்களில் கம்பி எண்ணிக்கையைக் குறைக்க அது பெரிய துணை. பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் எம்ஐபிஐ என்ற பொது முறைக்கு மாறின. பழுது பார்ப்பவனுக்கு இதில் ஒரு சிரமமும் உண்டு. இணைக் கோடுகளில் ஒன்று அறுந்தால் நிறம் மாறும், கோடு விழும், எது போனது என்று ஊகிக்கலாம். ஜோடியில் ஒன்று அறுந்தால் படமே வராது. அப்போதுதான் திரையைப் பாதி வழியில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் கைகொடுத்தது.

ஸ்ட்ரிப் அறுந்தால் ஜம்பர் போட முடியாதா என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். போர்டில் கோடு போனால் எனாமல் ஒயரில் ஒரு ஜம்பர் போட்டு உயிர் கொடுப்பது எங்கள் தினசரி வேலை. ஆனால் நகர்கிற இடத்தில் ஜம்பர் நிற்காது. அந்தத் தாமிர ஒயர் மடங்க மடங்க இறுகும், இறுகி ஒடியும், சால்டர் முனையில் முதலில் ஒடியும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய் அடுத்த வாரம் கோபமாக வருவார். அசையாத இடத்தில் சாமர்த்தியம் செல்லும், அசைகிற இடத்தில் பாகத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி. ரிச்சி தெருவில் எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் இதில் மிகக் கண்டிப்பு. "நகர்ற எடத்துல பத்த வெக்காத தம்பி. காசு வாங்காம திருப்பிக் குடு, அது மரியாத" என்பார்.

டிஸ்ப்ளே வெள்ளையாகிவிட்டது என்று வருகிறவரிடம் டிஸ்ப்ளே விலையைச் சொல்லி வாங்கிக்கொண்டு, உள்ளே ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் தொழிலில் இருந்தார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாது. எனக்கு அது ஒப்பவில்லை. பாதி திறந்த திரையை அவர் கண்ணெதிரே ஆட்டிக் காட்டி, பழுது இங்கே என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை தானே ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிப்புதான்ணா" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

ஸ்லைடு நகர்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு தகடு கீழ் பாதியோடு, இன்னொன்று மேல் பாதியோடு. இரண்டும் துருப்பிடிக்காத எஃகு. ஓரங்களில் வழுக்கும் பிளாஸ்டிக் தண்டவாளம். நடுவில் ஒரு சுருள் ஸ்பிரிங், இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு கால். பாதி தூரம்வரை நாம் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளுகிறோம். பாதி தாண்டியதும் அதே ஸ்பிரிங் தானாக இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். அந்த 'டக்' என்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்பிரிங் பலமாக இருந்தால் திறக்கும்போது கட்டைவிரல் வலிக்கும். பலவீனமாக இருந்தால் பாக்கெட்டிலேயே திறந்துகொள்ளும். என்97-ல் திரை நகர்ந்து முடிந்ததும் சாய்ந்தும் நிற்கும். அதற்குத் தண்டவாளம் போதாது, கைகள் வைத்த ஹின்ஜ் வேண்டும். ஸ்ட்ரிப் நகர்வதோடு சாயவும் வேண்டும். அழகான வேலை, ஆனால் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும்.

எங்கள் பகுதியில் இந்தத் தண்டவாளத்துக்கு எதிரிகள் அதிகம். கடல் காற்றின் உப்பு ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் அந்தக் கரித்தூள் இன்னொன்று. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-ல் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அதற்கு முன் ராயபுரம் பக்கத்து வீடுகளில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாயங்காலம் கறுப்பாகும். அந்தத் தூள் ஸ்லைடின் இடுக்கில் புகுந்து, உள்ளே இருக்கிற கிரீஸோடு சேர்ந்து, உப்புத்தாள் தேய்ப்பதுபோன்ற வேலையைப் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் செய்யும். தண்டவாளம் தேய்ந்தால் மேல் பாதி ஆடும். ஆடினால் ஸ்ட்ரிப் ஒரு பக்கமாக உரசும். அதற்குப் பிறகு எந்த நல்ல தாமிரமும் நிற்காது.

ஸ்லைடு இறுகினால் வீட்டில் உள்ளவர்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். தையல் மெஷின் ஆயிலும் விடுவார்கள். நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் எண்ணெய் அங்கேயே நிற்காமல் விசைப்பலகைக்கு இறங்கிவிடும். விசைக்குக் கீழே சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் ஒரு ஒட்டுத்தாளில் வரிசையாக இருக்கும். அழுத்தினால் குமிழ் உள்ளே குழிந்து போர்டில் உள்ள தங்கப் பூச்சைத் தொடும், விட்டால் எழும்பும். விரலுக்குத் தெரிகிற அந்தத் துடிப்பு குமிழின் துடிப்புதான். எண்ணெய் போனால் ஒட்டுத்தாள் நழுவும், குமிழ் இடம் மாறும். ஒரு குமிழ் பழுதானால் ஒரு எழுத்து போகும். ஒரு கோடு பழுதானால் ஒரு வரிசையோ ஒரு பத்தியோ மொத்தமாகப் போகும், ஏனென்றால் விசைகள் தனித்தனிக் கம்பியில் இல்லை, நெடுக்கும் குறுக்குமாகப் பின்னிய கட்டத்தில் இருக்கின்றன. எந்தெந்த எழுத்து வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வேன். அந்தத் தாளைப் பார்த்தாலே எந்தக் கோடு என்று தெரியும். எண்ணெய் விட்ட செட்டைச் சுத்தம் செய்வது பொறுமையான வேலை. ஐபிஏ என்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் திரவத்தில் பஞ்சு நனைத்துத் தகடு, தண்டவாளம், குமிழ்த் தாள் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, தண்டவாளத்தில் மட்டும் குண்டூசி முனையளவு சிலிகான் கிரீஸ் வைப்பேன். அதற்கு மேல் வைத்தால் அதுவே தூசியைக் கூப்பிடும்.

இன்னொரு விஷயம், காந்தம். திரை திறந்ததா மூடியதா என்று போனுக்குச் சொல்வது ஒரு சின்னக் காந்தமும் அதற்கு எதிரே இருக்கும் ஹால் சென்சாரும். நகர்கிற பாதியில் ஒட்டிய காந்தம் விழுந்துவிட்டால், திரையைத் திறந்தாலும் படம் திரும்பாது, விசைப்பலகையின் விளக்கு எரியாது. வாடிக்கையாளர் சாஃப்ட்வேர் போடச் சொல்வார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத் துண்டை நான் மேசையில் வைத்திருந்தேன். அதை அந்த இடத்துக்கு நேரே காட்டினால் படம் திரும்பும், பழுது உறுதியாகும். மறுபடி ஒட்டும்போது காந்தத்தின் முகம் மாறிவிடக் கூடாது. சில சென்சார்களுக்கு ஒரு துருவம்தான் தெரியும்.

உப்புக் காற்று செய்கிற நுட்பமான கெடுதல் ஒன்று உண்டு. மூடியிருக்கும்போது டவர் நன்றாக இருக்கும், திறந்தால் குறையும். மேல் பாதியின் உலோகமும் கீழ் பாதியின் உலோகமும் சின்ன ஸ்பிரிங் விரல்கள் வழியாகப் பூமி இணைப்பில் இருக்க வேண்டும். அந்த விரல்கள் பச்சை பூத்தால் மேல் பாதி தனியாக மிதக்கும், ஆன்டெனாவின் கணக்கு மாறிவிடும். ஸ்ட்ரிப்பின் மேல் பூசிய வெள்ளிப் பூச்சு விரிசல் விட்டாலும் தொல்லைதான், டிஸ்ப்ளே தரவின் இரைச்சல் வெளியே கசியும். போர்டை மாற்றிப் பயனில்லை. அழிரப்பரால் அந்த விரல்களைத் தேய்த்து, ஐபிஏ போட்டுத் துடைத்தால் டவர் வந்துவிடும். அதே காரணத்துக்காக, கனெக்டர் பக்கத்தில் இருக்கும் இஎம்ஐ ஃபில்டரைக் கழற்றிவிட்டு நேராக ஜம்பர் போடுவதை நான் விரும்புவதில்லை. படம் வரும், உண்மைதான். ஆனால் இடைவெளி உள்ள போனில் கைவிரலிலிருந்து நிலைமின்சாரம் உள்ளே போக வழி அதிகம். இரைச்சலோடு அதையும் தடுக்கத்தான் அந்தச் சில்லு அங்கே வைக்கப்பட்டது.

நிலைமின்சாரத்தைப் பற்றி எனக்கு ஒழுங்காகச் சொன்னவள் என் அத்தை மகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியபோது தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். அவளும் ஒருத்தி. மணிக்கட்டில் பட்டை கட்டாமல் போர்டைத் தொடாதே, கனெக்டரின் முனையை விரலால் தொடாதே, ஸ்க்ரூவை ஒரு மூலையில் முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதே, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு என்றெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். ஸ்லைடு தகட்டுக்கு அந்தக் கடைசிப் பாடம் மிக முக்கியம். ஒரு மூலை இறுகினால் தண்டவாளம் முறுக்கிக்கொள்ளும். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களில் அவளும் இருந்தாள். அவ்வளவு தேர்ந்த கைகள் வேலையில்லாமல் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. கொஞ்ச நாள் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தாள். குமிழ்த் தாள் ஒட்டுவதில் அவளுக்கு இணை நான் பார்த்ததில்லை.

விசைப்பலகை போன்கள் ஏன் நின்றுபோயின என்று கேட்டால், தொடுதிரை வசதியானது என்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி இந்த உள்வேலையில் இருக்கிறது. 2010-ல் வந்த ஐபோன் 4-இன் தடிமன் 9.3 மில்லிமீட்டர். ஸ்லைடு போனில் இரண்டு தகடு, நடுவில் ஒரு மில்லிமீட்டர், குமிழ்த் தாள், விசை, அதற்குக் கீழே போர்டும் பேட்டரியும் அடுக்கி அந்தத் தடிமனுக்குள் வர முடியாது. வர வேண்டுமென்றால் மடிப்பின் வளைவைச் சிறிதாக்க வேண்டும், ஆயுள் போய்விடும். நைனா சொன்ன ட்ரம் கணக்குதான். பேட்டரியைக் குறைத்தும் பார்த்தார்கள். ட்ரீமில் இருந்ததே 1150 எம்ஏஹெச்தான், சாயங்காலம்வரை தாங்காது. துறைமுகப் பையன்கள் ஸ்பேர் பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். மூடியைக் கழற்றி நொடியில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்ற முடிந்ததும் ஒரு நல்ல வடிவமைப்பு என்று நான் நினைக்கிறேன். பசை போட்டு ஒட்டிய இன்றைய போனைச் சூடாக்கி, கண்ணாடி உடையாமல் திறக்கிற ஒவ்வொரு தடவையும், நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒழுங்காகப் பிரிந்து வந்த அந்தச் செட்களை நினைத்துக்கொள்வேன். அவற்றைச் செய்தவர்கள், இது ஒரு நாள் உடையும், யாரோ ஒருவர் இதைத் திறப்பார் என்று எண்ணிச் செய்திருந்தார்கள்.

இப்போது திரையே மடிகிற போன்கள் வந்துவிட்டன. சாம்சங்கின் முதல் மடிப்பு போன் 2019 ஏப்ரலில் வரவேண்டியது. சோதனைக்குக் கொடுத்த செட்களில் ஹின்ஜ் பக்கமாகத் துகள் நுழைந்தது உட்படச் சில பழுதுகள் தெரிந்ததும் செப்டம்பருக்குத் தள்ளிவைத்து, இடுக்குகளை மூடிவிட்டு வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. இன்று அந்த வகை செட்கள் கொருக்குப்பேட்டை கடைக்கும் வருகின்றன. ஹின்ஜுக்குக் கீழே இரண்டு பாதியையும் இணைக்கிற ஸ்ட்ரிப் ஓடுகிறது. மடங்குகிற இடத்தில் அடுக்குகள் ஒட்டப்படவில்லை, வளைவுக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். கடையில் வேலை பழகுகிற பையனுக்கு அதைப் பிரித்துக் காட்டி, மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் மடிப்பின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாட்டும்போது அதே உயரம் வரவில்லை என்றால் ஸ்க்ரூ போடக் கூடாது, மறுபடி கழற்ற வேண்டும் என்பது கடையின் விதி.